கனாக்காரன் படமும் கெலமங்கலத்து ஜுரமும்

செல்வம்மாளை யாராவது ஒரு கேள்வி கேட்டால் பாதிப் பதில்தான் வரும். மீதியைக் கேட்டவர்களே நிரப்பிக்கொள்ள வேண்டும். காவேரிப்பட்டினத்திலிருந்து கெலமங்கலத்துக்கு வாழ்க்கைப்பட்டு வந்த நாளிலிருந்து அப்படித்தான். "உங்க ஊட்டுச் சின்ன மருமவ வாயில பூட்டு தொங்குதே, சாவி யாருகிட்ட இருக்குது?" என்று பக்கத்து வீட்டு வெங்கடம்மா செல்வம்மாளின் புருஷன் ராமப்பனைக் கேலி செய்வாள். "தாலி கட்டின அன்னைக்கே கூட்டத்துல தொலஞ்சி போச்சி" என்பான் அவன், மாட்டை அவிழ்த்துக்கொண்டே.

பூட்டுப் போட்டுக்கொண்டது செல்வம்மாளேதான். காரணம், அவளைப் பெற்ற பூவம்மாள்.

பூவம்மாள் கண்ட கனவை மறைக்கத் தெரியாதவள். ஆற்றில் துணி துவைக்கப் போனால், முந்தைய நாள் சந்தைக்குப் போய் வந்ததைச் சொல்வதுபோல அதைச் சொல்லுவாள். "நேத்து எங்க கெணத்துல தண்ணியே இல்லடி. ஆகாசந்தான் கெடந்துச்சி. நான் உள்ள ஒக்காந்து தல வாரிக்கினு இருந்தேன். சீப்புல வந்த மயிரெல்லாம் மீனாட்டம் நீந்திப் போச்சி." முதலில் மற்ற பெண்கள் சிரித்தார்கள். பிறகு தள்ளிப் போய்த் துவைத்தார்கள். அதன் பிறகு கிறுக்கி என்ற பேர் வந்தது. பேர் வந்த பின் எது சொன்னாலும் அந்தப் பேருக்குத்தான் கணக்காயிற்று. நாலாவது வகுப்பில் இருந்த செல்வம்மாளைப் பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்தி, அம்மா எங்கேயும் எழுந்து போகாமல் பார்த்துக்கொள்ள உட்கார வைத்தார்கள். அம்மாவை ஒரு கோயிலுக்குக் கூட்டிப் போய்த் தூணில் கட்டியும் வைத்தார்கள். பூவம்மாள் செத்தது காலராவில். ஊரில் கேட்டால் கிறுக்குப் பிடித்துச் செத்தாள் என்றுதான் சொல்வார்கள்.

செல்வம்மாளுக்கும் கனவு வரும். அம்மாவுக்கு வந்த மாதிரியே வரும். அதை அவள் ஒரு உயிரிடமும் சொன்னதில்லை. காலையில் எழுந்ததும் முகம் கழுவுகிற தண்ணீரோடு அதையும் கொப்பளித்துத் துப்பிவிட்டு புழுவுக்கு மல்பெரி இலை பறிக்கப் போய்விடுவாள்.

எந்தத் தாலுகா எந்த ராஜ்யத்துக்குப் போகும் என்று மூன்று பாஷைக்காரர்களும் மல்லுக்கட்டிக்கொண்டிருந்த வருஷம் அது. அந்த வருஷத்தில்தான் திம்மராயனின் சினிமா கொட்டாய்க்கு அந்தப் படம் வந்தது. எடுத்தவன் பேர் யார் வாயிலும் நிற்கவில்லை. கனாக்காரன் என்றே எல்லோரும் சொன்னார்கள். படத்தில் பேச்சு மிகவும் குறைவு. தெலுங்குக்காரர்கள் அது கன்னடப் படம் என்றார்கள். கன்னடக்காரர்கள் தமிழ்ப் படம் என்றார்கள். தமிழ்க்காரர்கள் சத்தியமாக எங்களுடையது இல்லை என்றார்கள். ஊரை மூன்று பேரும் எனக்கு எனக்கு என்று இழுத்தார்கள். படத்தை ஒருத்தரும் இழுக்கவில்லை.

ஆனாலும் கூட்டம் வந்தது. பாதிப் பேர் பாதியில் எழுந்து திட்டிக்கொண்டே வெளியே போனார்கள். சிலர் தினமும் வந்தார்கள். அந்தச் சிலரில் திம்மராயனும் ஒருவன். "என் கொட்டாய், நான் பாக்கறதுக்குத்தான் ஓட்டறேன். கூட ஒக்காறவன் ஒக்காரலாம்" என்றான். டீக்கடையில் இரண்டு கட்சி பிரிந்துவிட்டது. ஒரு கட்சிக்காரன் கிளாஸை மற்றக் கட்சிக்காரன் எடுத்துக் குடித்தால்கூடச் சண்டை.

செல்வம்மாளின் ஓரகத்தி ராஜாத்தி, பட்டுப்புழுக்களுக்கு மூன்றாம் ஜுரம் வந்த அன்றைக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்தாள்.

ஜுரம் என்றால் என்னவென்று இங்கே சொல்லிவிட வேண்டும். கெலமங்கலத்தில் அப்போது பாதி வீடுகளில் புழு வளர்த்தார்கள். புழு தோலுரிக்கும் முன் தின்பதை நிறுத்திவிட்டுத் தலையைத் தூக்கிக்கொண்டு அசையாமல் நிற்கும். அதைத்தான் அந்தப் பக்கத்தில் ஜுரம் என்பது. கூடு கட்டும் முன் நாலு தடவை வரும். மற்ற நாளெல்லாம் இலை பறிக்க, நறுக்க, போட, தட்டைச் சுத்தம் செய்ய என்று பெண்களுக்கு இடுப்பு நிமிராது. ஜுரத்தில் மட்டும் கையைக் கட்டிக்கொண்டு உட்காரலாம். புழு முட்டை ஒட்டிய அட்டை எல்லா வீட்டுக்கும் ஒரே நாளில் வருவதால் ஜுரமும் எல்லா வீட்டிலும் ஒரே சமயத்தில் வந்துவிடும். திம்மராயனுக்கும் அது தெரியும். ஜுர நாளில் பெண்கள் பக்கம் நிரம்பி வழியும்.

மறுநாள் இலை நறுக்குகிற இடத்தில் வெங்கடம்மா வந்து உட்கார்ந்தாள்.

"ஏமே ராஜாத்தி, கத என்னாமே?"

"கதையா? கத இருந்திருந்தா நான் நிம்மதியா தூங்கியிருக்க மாட்டேனா கொட்டாய்லியே? அது இல்லாமத்தான் முழிச்சிக்கினு ஒக்காந்திருந்தேன்."

"என்னாதான் காட்னான்?"

"ஒரு கல்யாணம். பந்தியில ஒக்காந்தவன் அத்தினி பேருக்கும் மாப்பிள மூஞ்சி. எவன் தாலிக்குக் கழுத்த நீட்டறதுன்னு பொண்ணு முழிக்கறா. அப்புறம் பாத்தா ராகிக் கொல்லைக்கு நடுவுல ஒரு ரயிலு நிக்குது. ஒருத்தனும் எறங்கல."

"பிச்சி சினிமாமே அது. கிறுக்குப் புடிச்சவன் எடுத்தது, பிச்சி புடிச்சவங்க பாக்கறது."

"இன்னும் கேளு. ஒருத்தி கெணத்துக்குள்ள ஒக்காந்து தல வாரிக்கினு இருக்கா. கெணத்துல தண்ணி இல்ல. மேகம் போவுது!"

செல்வம்மாளின் கையில் இருந்த கத்தி இலைமேலேயே நின்றுவிட்டது. ராஜாத்தி பார்த்துவிட்டு, "என்னாடி, வெரல அறுத்துக்கினியா?" என்றாள். செல்வம்மாள் இல்லை என்று தலையாட்டிவிட்டு மறுபடி நறுக்கினாள். அன்றைக்கு அவள் நறுக்கிய இலை பொடிப்பொடியாக இருந்தது. பெரிய புழுவுக்கு அத்தனை பொடியாக யாரும் நறுக்குவதில்லை.

அன்றிலிருந்து அவளுக்கு இருப்புக் கொள்ளவில்லை. தட்டுக்கு இலை போடுவாள், போட்ட தட்டுக்கே மறுபடி போடுவாள். அடுப்பில் களிக்கு உலை வைத்துவிட்டு வாசலுக்கு வந்து கொட்டாய்ப் பக்கம் பார்ப்பாள். சாயங்காலம் கொட்டாய் ஒலிபெருக்கியில் ரிக்கார்டு பாடத் தொடங்கினால் கையில் இருப்பதைப் போட்டுவிட்டு எழுந்து நிற்பாள். போகலாமா? வேண்டாமா? அம்மாவின் கிணற்றை யாரோ ஒருத்தன் துணியில் காட்டுகிறான். அதைப் பார்க்காமல் எப்படி இருப்பது? பார்த்துவிட்டு எப்படி இருப்பது?

ஊரில் மற்றவர்களுக்கெல்லாம் படம் புரியாமல் போய்விடுமோ என்று பயம். செல்வம்மாளுக்குப் புரிந்துவிடுமோ என்று பயம். ஊரே பைத்தியக்காரத்தனம் என்கிற ஒன்று தனக்கு மட்டும் நேற்று நடந்தது மாதிரி விளங்கிவிட்டால், இத்தனை வருஷம் வாயை மூடி மூடிக் காப்பாற்றியது என்ன ஆவது? உள்ளே இருப்பது அம்மாவேதான் என்று ஆகிவிடாதா? நாலாம் ஜுரம் வரைக்கும்தான் படம் ஓடும் என்று திம்மராயன் சொல்லியிருந்தான். அதற்குள் ஒரு முடிவுக்கு வர வேண்டும்.

இதற்கு நடுவில் வெள்ளையம்மா வந்தாள். பூவம்மாளின் தங்கை, செல்வம்மாளுக்குச் சின்னம்மா. ஓசூரில் ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டுக் காவேரிப்பட்டினம் திரும்பும் வழியில் எட்டிப் பார்த்தாள். இலை வேலை அலுப்பில் ராஜாத்தி ஒரு மூலையில் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு படுத்திருந்தாள்.

"வர்ற வழியில கொட்டாயப் பத்தித்தான் பேச்சு. அந்தக் கண்றாவியப் போயி பொம்பளைங்க இத்தினி பேரு பாக்கறாங்களாமே, எப்பிடிம்மா?"

"ஜுரம், சின்னம்மா" என்றாள் செல்வம்மாள்.

"ஜுரமா? யாருக்கு?"

"எல்லாரு ஊட்லயும். படத்துக்குப் போனாங்களே, அத்தினி பேரு ஊட்லயும்."

வெள்ளையம்மா மூலையில் படுத்திருந்த ராஜாத்தியைப் பார்த்தாள். "இவளும் போயிருந்தாளா?"

"அக்கா மூணாம் ஜுரத்துல போச்சி."

"மூணு தடவ வந்திரிச்சா!"

"நாலாவது இன்னும் ரெண்டு நாள்ல வந்துரும்."

காவேரிப்பட்டினத்தில் மாந்தோப்பும் நெல்லும்தான். அங்கே புழு வளர்ப்பவர்கள் கிடையாது. செல்வம்மாள் கரைத்துக் கொடுத்த மோரை வெள்ளையம்மா தொடவில்லை. பஸ்சுக்கு நேரமாயிற்று என்று முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு போனாள். கல்யாணத்தில் தின்றது செரிக்கவில்லை போலிருக்கிறது என்று செல்வம்மாள் நினைத்துக்கொண்டாள்.

நாலாம் ஜுரத்தன்று மத்தியானம், காவேரிப்பட்டினம் சந்தைக்கு மாடு பார்க்கப் போயிருந்த ராமப்பன் மாடு வாங்காமலே திரும்பி வந்தான். சட்டையெல்லாம் வேர்வை. உள்ளே வந்ததும் முதல் காரியமாக அவள் நெற்றியில் புறங்கையை வைத்துப் பார்த்தான்.

"நீ அந்தப் படத்துக்குப் போனியா?"

"இல்லிங்க."

"போவாத. கெலமங்கலத்துல அந்தப் படம் பாத்த பொம்பளைங்களுக்கெல்லாம் ஜுரமாம். விட்டு விட்டு மூணு தடவ வருதாம், நாலாவதுல ஆளு தப்பாதாம். சந்தை பூரா இதே பேச்சு. மத்தூர்க்காரன் ஒருத்தன் ஏழெட்டுப் பேரு போயிட்டாங்கன்றான். உங்க சின்னம்மா கண்ணாலப் பாத்துட்டு வந்திச்சாம். ராஜாத்தி அண்ணி இழுத்துப் போத்திக்கினு கெடந்துச்சாம். இந்தா, தாயத்து குடுத்து வுட்டிருக்குது."

கறுப்புக் கயிற்றில் கோத்த தாயத்து ஒன்று அவன் உள்ளங்கையில் இருந்தது. செல்வம்மாள் அதைப் பார்த்தாள். அவனைப் பார்த்தாள். பின்பக்கம் தட்டுகளில் தலையைத் தூக்கிக்கொண்டு நின்ற புழுக்களைப் பார்த்தாள். சிரிப்பு அடிவயிற்றிலிருந்து கிளம்பி வந்தது. வாயைப் பொத்தினாள், நிற்கவில்லை. ராமப்பன் பயந்துபோய் ஒரு அடி பின்னால் வைத்தான். அவள் சத்தம் போட்டுச் சிரித்து அவன் பார்த்ததே இல்லை.

"அது நான் சொன்னதுங்க" என்றாள். "புழு ஜுரம். சின்னம்மா கேட்டுது, நான் ஜுரம்னேன். ஜுரத்துலதான படத்துக்குப் போறாங்கோ எல்லாரும்? அதத்தான் சொன்னேன்."

அவனுக்கு விளங்கச் சற்று நேரம் பிடித்தது. விளங்கியதும் அப்படியே கால் மடித்து உட்கார்ந்து தலையில் கை வைத்துக்கொண்டான். "அட தேவுடா! ஏழெட்டுப் பேரச் சாவடிச்சிட்டியே நீ, ஒக்காந்த எடத்துல இருந்து!" தோள் குலுங்கக் குலுங்கச் சிரித்தான். சத்தம் கேட்டு வந்த ராஜாத்திக்கு விஷயம் தெரிந்ததும், "அப்ப நான் செத்தாச்சா? நல்லதாப் போச்சி, இன்னைக்குக் களி கிண்டறது நீதான்" என்று செல்வம்மாளின் கன்னத்தில் குத்திவிட்டுப் போனாள்.

சிரிப்பு அடங்கியதும் செல்வம்மாளுக்குள் வேறொன்று கிளம்பியது. ஒரு வார்த்தை. தன் வாயிலிருந்து பாதியாகப் போனது. பஸ் ஏறிக் காவேரிப்பட்டினம் போய், மத்தூர்க்காரன் வாயில் பிணமாக விழுந்து, தாயத்தோடு தன் வீட்டுக்கே திரும்பி வந்திருக்கிறது. ஆற்றங்கரையில் அம்மாவின் பேரோடு முதன்முதலாகக் கிறுக்கி என்ற வார்த்தையைச் சேர்த்துச் சொன்னது யார்? விளையாட்டுக்குச் சொன்னதா? அது எங்கெங்கே சுற்றிவிட்டு வந்து கயிறாக மாறித் தூணில் கட்டியது?

"நான் போறேங்க படத்துக்கு. இன்னைக்கு" என்றாள்.

ராமப்பன் முகத்தில் சிரிப்பு போய்விட்டது. தாயத்தை விரலில் சுற்றினான், அவிழ்த்தான். "வேணாம் செல்வா."

"ஜுரந்தான் இல்லியே."

"ஜுரம் இல்லாட்டிப் போவுது." அவன் வாசலைப் பார்த்துக்கொண்டு சொன்னான். "அந்தப் படம் எல்லாம் ஏறுக்குமாறா இருக்குதாம். உங்கம்மா சங்கதி எனக்குத் தெரியாதா? ஊர்ல சொல்லித்தான் பொண்ணு குடுத்தாங்கோ. நீ ராவுல தூக்கத்துல பேசறது எனக்குக் கேக்குது. நானும் இத்தினி வருசமா ஒண்ணும் கேட்டதில்ல. கேட்டா எங்க கெளம்பிருமோன்னு பயம். இதப் போயி பாத்து நீயும் அப்பிடி ஆயிட்டன்னா நான் என்னா பண்ணுவேன்?"

அந்த வீட்டில் அதுவரை யாரும் அதைப் பேசியதில்லை. தனக்கு மட்டும் தெரிந்த பயம் என்று அவள் நினைத்திருந்தது பக்கத்துப் பாயிலும் படுத்துக் கிடந்திருக்கிறது. செல்வம்மாள் எழுந்து போய்ப் புழுத் தட்டுகளை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். பார்க்க ஒன்றும் இல்லை. திரும்பி வந்தாள்.

"ஆவறதா இருந்தா எனக்குள்ளியே ஆயிரும். அதுக்கு அவன் படம் எதுக்கு?" என்றாள். "பாக்காம இருந்தாத்தான் எனக்கு ஒரு மாதிரியா இருக்குது. தெனம் அந்த ரிக்கார்டு கேக்கறப்ப எந்திரிச்சி ஓடலாம் போல இருக்குது."

அவ்வளவு நீளமாக அவள் பேசியதே அவனுக்குப் பாதி மனம் மாறப் போதுமானதாக இருந்தது. தாயத்தைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான். "அப்ப நானும் வரேன்" என்றான்.

கொட்டாயில் என்றைக்கும் இல்லாத கூட்டம். ஜுரச் செய்தி ஓசூர் வரைக்கும் போயிருந்தது. சாகிற படத்தைப் பார்க்க வண்டி கட்டிக்கொண்டு வந்திருந்தார்கள். திம்மராயன் வாயெல்லாம் பல்லாக நின்றான். பெண்கள் பக்கத்தில் மணலில் ராஜாத்தி ஒரு புறமும் வெங்கடம்மா மறுபுறமுமாக நடுவில் செல்வம்மாள் உட்கார்ந்தாள். "பிச்சி சினிமான்னியே" என்று ராஜாத்தி குத்தியதற்கு, "எவ எவளுக்குப் புடிக்குதுன்னு பாக்க வந்தேன்" என்றாள் வெங்கடம்மா. தடுப்புத் துணிக்கு அந்தப் பக்கம் ராமப்பனின் இருமல் கேட்டது. தான் இருக்கிறேன் என்று தெரிவிக்கத்தான் அவன் இருமுகிறான் என்று அவளுக்குத் தெரிந்தது.

படம் ஓடியது. பந்தி வந்தது, ஒரே மூஞ்சியாக. ஆண்கள் பக்கத்திலிருந்து, "மாப்ள, பாயசம் யாருக்குடா?" என்று ஒரு குரல். ராகிக் கொல்லையில் ரயில் நின்றபோது இன்னொரு குரல், "யுத்தத்துல நம்ம தண்டவாளத்தப் புடுங்கினாங்களே, அந்த ரயிலுதான்டா இது. பாவம், வழி தெரியாம நிக்குது!" கொட்டாயே அதிர்ந்தது. கனாக்காரன் கட்சிக்காரர்கள், "கம்முனு பாருங்கடா" என்று அதட்டினார்கள். சிலர் எழுந்து போனார்கள். செல்வம்மாளுக்கு ரயிலும் விளங்கவில்லை, பந்தியும் விளங்கவில்லை. விளங்காதது அவளுக்கு எவ்வளவு சுகமாக இருந்தது என்று சொல்ல முடியாது. திரும்பிப் பார்த்தாள். வெளிச்சம் பட்ட முகங்கள் வரிசை வரிசையாகத் தலையைத் தூக்கிக்கொண்டு நின்றன, தட்டில் ஜுரம் கண்ட புழுக்கள் மாதிரி. ஒருத்தருக்கும் ஒன்றும் ஆகவில்லை.

பிறகு கிணறு வந்தது.

கிணற்றுக்குள் மேகம் போயிற்று. ஒருத்தி உட்கார்ந்து தலை வாரினாள். செல்வம்மாள் மணலைக் கை நிறைய அள்ளி இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். அந்தப் பெண்ணின் முகத்தில் பவுடர் இருந்தது. கூந்தல் எண்ணெய் இட்டு வழவழவென்று இருந்தது. சிக்கே இல்லாத தலையை அவள் போட்டோவுக்கு வாருவதுபோல வாரினாள். சீப்பில் ஒரு மயிர்கூட வரவில்லை. மீனும் இல்லை. மேகம் மட்டும் இந்தப் பக்கம் வந்து அந்தப் பக்கம் போயிற்று. அவ்வளவுதான்.

"அடேங்கப்பா, என்னா மூளடா இவனுக்கு!" என்று பின்னாலிருந்து ஒருவன் கத்தினான். கைதட்டினார்கள்.

செல்வம்மாளுக்குக் காது சுட்டது. மீன் எங்கே என்று எழுந்து நின்று கேட்க வேண்டும் போலிருந்தது. இதைவிட நன்றாகச் சொன்ன ஒருத்தியைத் தூணில் கட்டினார்கள். இங்கே கைதட்டுகிறார்கள். எழவில்லை. கடைசி வரைக்கும் உட்கார்ந்திருந்தாள். பிடித்ததா என்று ராஜாத்தி கேட்டபோது, "பாதி" என்றாள். "இவளுக்கு எல்லாமே பாதிதான்" என்றாள் வெங்கடம்மா.

திரும்பும்போது ராஜாத்தியும் வெங்கடம்மாவும் முன்னால் போனார்கள். ராமப்பன் அவளோடு நடந்தான். கொஞ்ச தூரம் அவள் முகத்தை அடிக்கடி பார்த்துக்கொண்டே வந்தான்.

"என்னா பாக்கறீங்க? ஒண்ணும் ஆவல" என்றாள்.

"இல்ல, சும்மா."

"நேத்து எனக்கு ஒரு கனா வந்துச்சி" என்றாள் செல்வம்மாள். சொல்லிவிட்டுத் தானே திடுக்கிட்டாள். வார்த்தை வெளியே வந்துவிட்டது. அதற்குமேல் நிறுத்த வகையில்லை. "நம்ம தட்டுல இருக்கற புழுவெல்லாம் எறங்கி வாசலுக்குப் போச்சி. தேன்கனிக்கோட்டை பஸ்சு வந்து நின்னுச்சி. வரிசையா ஏறிக்கிச்சி எல்லாம். நான் இலைக்கூடைய வெச்சிக்கினு பின்னாலியே ஓடறேன்."

ராமப்பன் நடையை நிறுத்தினான். சாலையில் முன்னாலும் பின்னாலும் ஆட்கள் பேசிக்கொண்டு போனார்கள். அவன் ஒரு தடவை சுற்றிலும் பார்த்தான்.

"கண்டக்டரு கேக்கலியா டிக்கெட்டு?" என்றான்.

"கண்டக்டரும் புழுதாங்க."

அவன் களுக்கென்று சிரித்துவிட்டான். முன்னால் போன ராஜாத்தி திரும்பிப் பார்த்து, "என்னாடி அங்க சிரிப்பு? எங்களுக்கும் சொன்னா என்னா?" என்று கேட்டாள்.

செல்வம்மாளின் வாய் பழக்கப்படி மூடிக்கொள்ளத்தான் பார்த்தது. அவள் எட்டி நடந்து அவர்கள் பக்கத்தில் போய்ச் சேர்ந்துகொண்டு, புழுக்கள் தட்டிலிருந்து இறங்கிய இடத்திலிருந்து மறுபடி ஆரம்பித்தாள்.